முனியம்மாள் வளர்த்த ஊட்டிப்புல்

முனியம்மாளின் காலைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது. முகம் எப்படி, மூக்கு எப்படி என்று கேட்டால் மானாம்பதிப் பக்கம் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். கால் மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்து, தோல் உரிந்து, ஐப்பசியில் பிடித்த சேற்றுப்புண் பங்குனி வரை ஆறாத கால். மருதாணியை அரைத்து அப்புவாள், வேப்பெண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவாள். ராத்திரி அப்பினதைக் காலையில் சேறு கழுவிக்கொண்டு போய்விடும். பின்னே, களையெடுக்கிறவள் காலை எங்கே கொண்டுபோய் வைப்பாள், தலையிலா?

பாவாடை கட்டின வயதில் கழனியில் இறங்கியவள். புருஷன் வந்தான், ஒரு பெண்ணைக் கொடுத்தான், காலராவில் போனான். அந்தப் பெண்ணையும் பழையசீவரத்தில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. நடுவில் இவள் முதுகு நிமிர்ந்தது தூங்குகிற நேரத்தில்தான். ஆனால் வேலையில் அவளைக் குறை சொல்ல ஒருத்தன் பிறக்கவில்லை. கோரையோ அருகோ, அவள் பிடித்து இழுத்தால் வேரோடு வரும். நெல்லுக்கு நடுவில் நெல் மாதிரியே வேஷம் கட்டிக்கொண்டு நிற்கிற புல்லைக்கூட விரல் பட்டதும் கண்டுபிடித்துவிடுவாள். புல் என்றால் அவளுக்கு ஜென்ம விரோதி. அப்படிப்பட்டவள் கையில்தான் புல்லை வளர்க்கிற வேலை வந்து விழுந்தது. அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்ல வந்தேன், கேளுங்கள்.

நயா பைசா வந்து ரெண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். அந்த ஊரில் பெரிய நிலக்காரர் வேதாசலம். ஏரித் தண்ணீர் பாய்கிற கழனியில் பாதி அவருடையது. பெண்ணை ஊட்டியில் கொடுத்திருந்தார். சம்பந்திக்கு அங்கே தேயிலை வியாபாரம். பெண்ணைப் பார்க்கப் போன இடத்தில் சம்பந்தி வீட்டு வாசலில் ஒரு புல்லைப் பார்த்துவிட்டு வேதாசலம் வாயைப் பிளந்தார். இடுப்பு உயரத்துக்குக் குத்துக் குத்தாக வளர்ந்து, நாலு பக்கமும் வளைந்து விழுந்து, நுனியில் அணில் வாலைப் போல ரோஸும் வெள்ளையுமாகக் கதிர். அழகுக்கு வளர்க்கிற புல்லாம். வீட்டை விற்றுவிட்டுப் போன வெள்ளைக்காரன் வைத்ததாம்.

"நமக்கு ரெண்டு குத்து குடுங்க சம்பந்தி" என்று கேட்டிருக்கிறார்.

சம்பந்தி சத்தமாகச் சிரித்தாராம். "உங்க ஏரிக்கரை மண்ணுல கோரைதான் வரும். இது அங்க பூத்திடுச்சின்னா நான் மீசைய எடுத்துடறேன்!"

பெண்ணைக் கொடுத்த இடத்தில் எதிர்த்துப் பேச முடியுமா? வேதாசலமும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு நாலு குத்தைச் சாக்கில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மனசுக்குள் மட்டும் அந்த மீசை உறுத்திக்கொண்டே இருந்தது.

நட்டால் போதுமா, யார் பார்த்துக்கொள்வது? தோட்டக்காரன் என்று ஒருத்தனை வைத்தால் அவனுக்குக் கூலி, காப்பி, நாஷ்டா என்று ஆயிரம் பேஜார். வேதாசலத்தின் பெண்சாதி ராணியம்மாள் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் முனியம்மாள் குதிகாலாலேயே நடந்து, மாட்டுக்கொட்டாய்ப் பக்கமாகக் கூலி நெல் வாங்க வந்து நின்றாள்.

"இன்னாடி, காலு இப்டி அழுவிக்கினு கீது?"

"சேத்துப்புண்ணும்மா. கழனில எறங்கவே முடியல."

"அப்ப வாசல் தோட்டத்தப் பாத்துக்கினு இங்கியே கெட. பாதிக் கூலிதான். ஆனா சேறு இல்ல, சகதி இல்ல."

பாதிக் கூலி என்றதும் முனியம்மாளுக்குச் சுருக்கென்றது. சேறு இல்லை என்றதும் அந்தச் சுருக்கு போன இடம் தெரியவில்லை. ராணியம்மாளுக்குத் தர்மம் செய்த திருப்தி, கூலி மிச்சமான சந்தோஷம். கொடுத்து வைத்தவள், ரெண்டும் ஒரே நாளில் கிடைத்தது.

அந்த வாசல் தோட்டம் மதிலுக்கு உள்ளே இருந்தது. ரோஜாச் செடி கொஞ்சம், கலர் கலராக இலை விடுகிற குரோட்டன்ஸ் கொஞ்சம், நடுப் பாத்தியில் இந்த ஊட்டிப்புல். கூலி ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் வருகிற வழக்கம் இல்லை. அவர்களுக்குக் கொல்லை வாசல்தான். கொட்டாயோடு வந்து கொட்டாயோடு போக வேண்டும். முனியம்மாளே அந்த வயதில்தான் முதல் தடவையாக அந்த வீட்டின் முன்பக்கத்தைப் பார்த்தாள்.

எடுத்த எடுப்பில் கெடுத்தது அவள்தான். நாற்றுக்குத் தண்ணீர் கட்டிய கை, அதே மாதிரி இதற்கும் கட்டியது. மழையும் சேர்ந்துகொண்டது. நாலு குத்தில் ரெண்டு அடியில் அழுகி, தொட்டதும் கையோடு வந்தது. ராணியம்மாள் கத்தின கத்தல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"ஆயுசு பூரா புல்லப் புடுங்கினவகிட்ட குடுத்தா, அது சாவாம இன்னாடி பண்ணும்? மிச்சம் ரெண்டும் போச்சின்னா நீ கழனிக்கே போயிடு. எனுக்கு இங்க ஆள் வேணாம்."

முனியம்மாள் பயந்துபோனாள். புல் செத்தால் சாகட்டும், அது அவளுக்கு மாமனா மச்சானா? காலுக்காகத்தான் பயந்தாள். ரெண்டு மாதமாகக் காய்ந்த தரையில் நின்றதில் விரல் இடுக்கில் புதுத்தோல் மெல்லிசாக வந்திருந்தது. இந்த ரெண்டு குத்து பிழைத்தால் அந்தத் தோல் நிற்கும். பிழைக்காவிட்டால் மறுபடியும் சேறு. கணக்கு அவ்வளவுதான்.

அழுகின இடத்துக் களிமண்ணை முழங்கை ஆழத்துக்கு வெட்டி எடுத்தாள். மாடி கட்டுவதற்காக இறக்கியிருந்த பாலாற்று மணலில் ரெண்டு கூடை கேட்டு வாங்கினாள். செம்மண்ணும் மக்கின ஆட்டுப் புழுக்கையும் கலந்து, பாத்தியை மேடாக்கி, ரெண்டு குத்தையும் ஏற்றி வைத்தாள். அதற்கப்புறம் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஒரு செம்புத் தண்ணீர். பழுத்த தாளை அரிவாளால் கழித்தாள். ஆடிக் காற்றுக்குக் கயிறு கட்டினாள். குத்து பருத்ததும் வேரோடு பிளந்து பிரித்து நட்டாள். பிடுங்கிப் பழகின கைக்கு வேர் அறுகிற சத்தம் அன்றைக்குத்தான் பயமாக இருந்தது.

புல் பிடித்துக்கொண்டது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் நடுப் பாத்தி முழுக்க ஊட்டிப்புல் வரிசை கட்டி நின்றது. வேதாசலம் காலையில் பல் விளக்கிக்கொண்டே அதைச் சுற்றிச் சுற்றி வருவார். கதிர் இன்னும் வரவில்லை, அதுதான் குறை.

முனியம்மாளின் கால் ஆறிவிட்டது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! உத்திரமேரூர்ச் சந்தைக்குக் கப்பி ரோட்டில் முழுப் பாதத்தையும் ஊன்றி நடந்து போய் வந்தாள். வழியில் நின்று குனிந்து தன் விரல்களைத் தானே பார்த்துக்கொண்டாள். "எங்காலு மாதிரியே இல்ல" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். கேட்டவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் ஒரு காரியம் செய்தாள், அதுதான் எல்லாவற்றுக்கும் அடி. களையெடுக்கிற கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகிறவள் அம்முலு. முனியம்மாளை விடச் சின்னவள், பக்கத்துக் குடிசை, வாயாடி. முனியம்மாளின் புருஷன் செத்தபோது இவள் பங்குக் களையை அம்முலுதான் எடுத்தாள். அம்முலுவின் ஒவ்வொரு பிரசவத்துக்கும் அவள் பங்கை இவள் எடுத்திருக்கிறாள். அந்தக் கூட்டத்தில் அது வழக்கம். ஒருத்திக்கு முடியவில்லை என்றால் மற்றவர்கள் அவள் பங்கையும் சேர்த்து முடித்துவிடுவார்கள். பொழுது சாய நிலக்காரன் வந்து பார்க்கும்போது வேலை முடிந்திருக்கும், அவள் வரவில்லை என்று ஒருத்தி வாயிலிருந்தும் வராது, அவள் கூலியும் குறையாது. யாரும் யாரிடமும் சொல்லிக் காட்டுகிறதில்லை.

அந்த அம்முலு ஒருநாள் கேட்டாள்: "அங்க இன்னா எக்கா வேல உனுக்கு?"

புல்லு வளர்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது? நாள் முழுக்கப் புல்லைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவளுங்களிடம் போய், நான் புல்லுக்குத் தண்ணி ஊத்துறேன் என்றால் சிரித்தே சாகடித்துவிடமாட்டாளுங்களா? முனியம்மாள் மென்று விழுங்கிவிட்டு, "பூச்செடிடி. ஊட்டிலேர்ந்து வந்த பூச்செடி. சும்மா தொட்டாலே வாடிப்பூடும்" என்றாள்.

"அய்யே! உங்கைல பூவா!" என்று அம்முலு அவள் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். எல்லாரும் சிரித்தார்கள். முனியம்மாளும் சிரித்தாள். பொய் அப்படியே நின்றுவிட்டது.

மார்கழி பாதியில் புல்லின் தண்டு கொழுத்தது. முனியம்மாள் விரலால் நசுக்கிப் பார்த்தாள். உள்ளே கதிர் உட்கார்ந்திருந்தது. "பொங்கலுக்குள்ள பூத்துடும்மா" என்று அவள் சொன்னதுதான் தாமதம், வேதாசலம் ஊட்டிக்குக் கடுதாசி போட்டுவிட்டார். சவரக் கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறேன், பொங்கலுக்கு வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போங்கள் என்று. சம்பந்தியும் வருகிறேன் என்றார். வேதாசலமும் ராணியம்மாளும் அவரை அழைத்துவரக் காஞ்சிபுரத்துக்குக் கிளம்பினார்கள். ஒரு ராத்திரி அங்கே தங்கி, துணிமணி எடுத்துக்கொண்டு, மறுநாள் சாயங்காலம் சம்பந்தியோடு திரும்புவதாக ஏற்பாடு.

அவர்கள் கிளம்புகிற சமயத்தில்தான் பழையசீவரத்திலிருந்து ஆள் வந்தான். முனியம்மாளின் பெண்ணுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது, குழந்தை குறுக்கே கிடக்கிறது என்றான். ராணியம்மாள் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே, "போ. நாங்க வர்றதுக்குள்ள நீ இங்க இருக்கணும்" என்றாள்.

முனியம்மாள் அழுதுகொண்டே ஓடினாள். வழியில் அம்முலு நிறுத்தி விஷயம் கேட்டாள்.

"வேலையப் போட்டது போட்டபடி போறேன்டி. சம்பந்தி வேற வராரு. எதனா கொறன்னா என்னத் தொரத்திடுவாங்க."

"நீ போ எக்கா. நாங்க இல்ல?"

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று முனியம்மாள் நினைத்தாள். அவளுக்கு அப்போது பெண்ணின் உயிர்தான் பெரிசு.

பெண் பிழைத்தாள். ஆண் குழந்தை. மறுநாள் உச்சி வெயிலில் முனியம்மாள் திரும்பி வந்தபோது அம்முலு ஏரிக்கரையிலேயே உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாள். ஆண் குழந்தை என்று கேட்டதும் எழுந்து இவளைக் கட்டிக்கொண்டாள்.

"எக்கா, நீ ஒண்ணியும் யோசிக்காத. உன் வேலைய ஜம்முனு முடிச்சிட்டோம். காலைல நாங்க அஞ்சு பேரு போனோம். மாடு மேய்க்கிறவன்கிட்ட முனிமா வேலைன்னு சொல்லி உள்ள பூந்துட்டோம்." அம்முலு குரலைத் தணித்தாள். "ஏன் எக்கா எங்ககிட்ட சொல்லல? இடுப்பு ஒடிஞ்சி உன்னால குனிய முடியலன்னு சொன்னா நாங்க வரமாட்டமா? பூச்செடிக்கு நடுவுல இடுப்பு ஒசரம் புல்லு மண்டிக்கினு கீதே! அத்தப் பாத்திருந்தா அந்தம்மா உன்ன வுட்டுவெப்பாளா? ஒரு வேரு வுடாம எடுத்துட்டோம். ரோசாச் செடில ஒரு எல உதுரல."

முனியம்மாளுக்குக் காது அடைத்துக்கொண்டது. ஓடினாள்.

பாத்தி சுத்தமாக இருந்தது. அப்படியொரு சுத்தம். மண்ணைக் கொத்திப் புரட்டி, கட்டி உடைத்து, கையாலேயே நிரவி, மேலே தண்ணீர் தெளித்திருந்தார்கள். கிளறிப் பார்த்தாள். ஒரு துண்டு வேர் இல்லை. அவளே பழக்கின கைகள், எப்படி மிச்சம் வைக்கும்? கொட்டாய்க்கு ஓடினாள். பிடுங்கின புல்லை மண் உதறி மாட்டுக்குப் போட்டிருந்தார்கள். மாடுகள் சாவகாசமாக அசை போட்டுக்கொண்டிருந்தன. ஒரு பசுவின் கடைவாயில் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. முனியம்மாள் அதைப் பிடித்து இழுத்தாள். பாதி மென்ற தண்டு பிளந்து, உள்ளே பூக்காத கதிர், பட்டு நூல் மாதிரி, எச்சிலோடு அவள் கைக்கு வந்தது.

"பாவிகளா! பாவிகளா! எங்காலு போச்சேடி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மாடு மேய்க்கிறவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சாயங்காலம் கார் வந்து நின்றது. வேதாசலம் முதலில் இறங்கி, "கண்ண மூடிக்கினு வாங்க சம்பந்தி" என்று சொல்லிக்கொண்டே கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். பாத்தியைப் பார்த்ததும் அந்தக் கை அப்படியே தொங்கிவிட்டது.

சம்பந்தி கண்ணைத் திறந்து வெறும் மண்ணைப் பார்த்தார், வேதாசலத்தைப் பார்த்தார். மீசையை மெதுவாக நீவிவிட்டுக்கொண்டு, "நான் அப்பவே சொல்லல?" என்றார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். ராணியம்மாளும் வேறு வழியில்லாமல் சிரித்து வைத்தாள். பூக்கப் போகிறது என்று கடுதாசி எழுதினதே பொய் என்று சம்பந்தி நினைத்துவிட்டார். இருந்தது, நேற்று வரைக்கும் இருந்தது என்று வேதாசலம் சொல்லச் சொல்ல அவர் இன்னும் சிரித்தார்.

சம்பந்தியை உள்ளே உட்காரவைத்துவிட்டு வேதாசலம் கொல்லைப் பக்கம் வந்தார். முனியம்மாள் கொட்டாய்த் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"யாரு பண்ண வேல இது?"

அந்த நேரத்தில் அவள் என்ன சொல்லியிருக்கலாம் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து ஆயிரம் சொல்லலாம். பூச்செடி என்று நான்தான் பொய் சொன்னேன், அவர்கள் எனக்கு உதவியாக வந்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் தெரியாது என்று காலில் விழுந்திருக்கலாம். அவள் தலையைக் குனிந்தபோது கண்ணில் பட்டது அவள் கால்தான். காய்ந்து, புண் இல்லாமல், மனுஷர் கால் மாதிரி இருந்தது.

"அம்முலு, ஆண்ட. அவளும் அவகூட நாலு பேரும்."

"அவளுங்களுக்கு இங்க இன்னா வேல?"

"தெர்ல ஆண்ட. நான் ஊர்ல இல்ல." காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "எனுக்கு நல்ல வேல கெடச்சிடுச்சின்னு அவளுங்களுக்குப் பொறாம."

சொல்லிவிட்டாள். சொன்ன வாய் அவளுடையதுதான், வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

பொங்கல் முடிந்து அறுவடை தொடங்கியது. வருஷத்தில் வயிறார நெல் பார்க்கிற காலம் அது ஒன்றுதான். வேதாசலம் அறுப்புக்குத் தாமல் பக்கத்திலிருந்து ஆள் இறக்கினார். அம்முலு கூட்டத்தில் ஒருத்தியையும் களத்துப் பக்கம் விடவில்லை. அந்தப் பெண்கள் வரப்பில் வரிசையாக நின்று, வேறு யாரோ அறுக்கிறதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். என்ன குற்றம் செய்தோம் என்று மாடு மேய்க்கிறவனிடம் கேட்டபோது, அன்றைக்குக் கொட்டாயில் முனியம்மாள் சொன்னதை அவன் மறைக்காமல் சொல்லிவிட்டான்.

முனியம்மாளுக்காவது வேலை மிஞ்சியதா? அதுவும் இல்லை. ராணியம்மாள் அவளைக் கூப்பிட்டு, "புல்லே இல்ல, உனுக்கு இங்க இன்னா வேல? போய்ப் பொழப்பப் பாரு" என்று முடித்துவிட்டாள். வேதாசலம் அந்தப் பாத்தியை மூடிக் கடப்பைக் கல் பாவிவிட்டார். ஊட்டிப்புல் என்ற பேச்சையே அந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. காட்டிக்கொடுத்ததற்கு அவளுக்குக் கிடைத்தது அதுதான்.

அம்முலு சண்டைக்கு வரவில்லை. வந்து கூந்தலைப் பிடித்து நாலு சாத்து சாத்தியிருந்தால் முனியம்மாள் நன்றாக அழுது தீர்த்திருப்பாள். எதிரே வந்தால் அம்முலு ஒதுங்கி வழிவிட்டாள், அந்நியப் பொம்பளைக்கு வழிவிடுகிற மாதிரி.

கோடை முழுக்க முனியம்மாள் விறகு பொறுக்கி விற்றாள். கிழங்கு தோண்டித் தின்றாள். ஏரியில் தண்ணீர் ஏறி, நடவு முடிந்து, ஐப்பசியில் களையெடுப்பு வந்தது. வேதாசலம் கழனிக்கு மறுபடியும் அம்முலு கூட்டத்தையே கூப்பிட்டார். அவரென்ன மனசு இளகியா கூப்பிட்டார்? தாமல் ஆட்களுக்குக் கூலி கொடுத்துக் கட்டுபடியாகவில்லை, அவ்வளவுதான். ஒரு காலையில் முனியம்மாள் வரப்பில் போய் நின்றாள். எல்லாரும் இறங்கிக் குனிந்திருந்தார்கள்.

"அம்முலு" என்றாள். "நானும் வரட்டா?"

அம்முலு நிமிர்ந்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"வா. கடைசில எடம் கீது, எறங்கு. ஆண்ட கழனி, எங்க அப்பன் வூட்டுதா?"

"அம்முலு, அன்னிக்கி நான் வாய் தவறி..."

"அத்த வுடு. எங்களுக்கு உம்மேல ஒரு பொறாமையும் இல்ல." அம்முலு கையில் இருந்த கோரையை உதறி வரப்பில் போட்டாள். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இனிமே நீ ஒருநா வரலன்னா, ஆண்ட வந்து கேட்டா, வரலன்னுதான் சொல்லுவோம்."

மற்ற பெண்கள் யாரும் தலையைத் தூக்கவில்லை. முனியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.